தீக்காய முதலுதவி: முதலில் பயிற்றுநர்களை உருவாக்குவோம்

(தீக்காய முதலுதவிப் பயிற்றுநர் முகாம் குறித்து நம் அறக்கட்டளை அரங்கில் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று கூடியிருப்பது எதற்காக என்று அழைப்பிதழிலேயே சொல்லியிருந்தோம். தீக்காயம் பட்ட ஒருவருக்கு, மருத்துவமனை போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களை நமதூரிலேயே உருவாக்கப் போகிறோம். ரஜப் மாத இறுதியில் ஒரு சனி, ஞாயிறு என இரண்டு நாள் முகாம். மொத்தம் 16 பேர். ஷஃபான் மாதம் முழுவதும் அந்த 16 பேரும் தெருத் தெருவாகச் சென்று கற்றுக்கொடுப்பார்கள். ரமளான் பிறை காண்பதற்குள் முதல் சுற்று முடிந்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

திட்டத்தை அறிவித்ததும் பலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "இரண்டு நாள் மண்டப வாடகை, சாப்பாடு, மருத்துவர்களுக்கு வண்டிச் செலவு எல்லாம் 16 பேருக்காகவா? அதே செலவில் ஷாதி மஹாலில் 500 பேரைக் கூட்டி, பெரிய டாக்டர் ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாமே" என்றார்கள். நியாயமான கேள்வி. ஜமாஅத் மக்கள் கொடுத்த பணம் இது. எதற்குச் செலவாகிறது என்று கேட்க உங்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் இந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களால் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டைப் போன்ற, வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். இதில் கணிசமான பகுதி வீட்டுக்குள், அடுப்படியில் நடக்கிறது. காயம் படுவது பெரும்பாலும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

நமதூரைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நோன்பு மாதத்தில் தினமும் கஞ்சி காய்ச்சுகிறோம். நிகாஹ், வலீமா என்றால் தெருவிலேயே அடுப்பு மூட்டித் தேக்சா ஏற்றுகிறோம். மதரஸா விடுதிகளில் மூன்று வேளையும் பெரிய அளவில் சமையல் நடக்கிறது. நம் வட்டாரத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் இறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்தத் தீயும் சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து தொடங்கியதுதான். அடுப்பும் பிள்ளைகளும் அருகருகே இருக்கும் இடங்கள் நம்மிடமும் உண்டு.

சென்ற ரமளானில் நம் தெரு ஒன்றில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அஸருக்குப் பிறகு தூக்குவாளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு போன ஆறு வயதுப் பிள்ளை தடுக்கி விழுந்தது. கஞ்சி மார்பிலும் வயிற்றிலும் கொட்டிவிட்டது. நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் பற்பசை, ஒருவர் கையில் இட்லி மாவு, ஒருவர் கையில் பேனா மை. அத்தனை பேரும் நல்ல உள்ளத்தோடுதான் வந்தார்கள். ஆனால் கஞ்சியில் ஊறிய சட்டை பிள்ளையின் உடம்பிலேயே இருந்தது. வெந்நீர் வழிந்து ஓடிவிடும், கஞ்சி ஓடாது. துணியில் ஒட்டிக்கொண்டு சூட்டைத் தோலுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். பத்தடி தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தது. மருத்துவர்கள் முதலில் அந்த மாவையும் மையையும் சுரண்டி எடுத்த பிறகுதான் காயம் எவ்வளவு ஆழம் என்றே பார்க்க முடிந்தது.

அங்கே நின்றவர்கள் படிக்காதவர்கள் அல்லர். பள்ளியில் முதலுதவிப் பாடம் படித்தவர்கள் இருந்தார்கள். மேடைப் பேச்சுகளில் உட்கார்ந்து "தண்ணீர் ஊற்றுங்கள்" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பிள்ளை அலறும்போது காதில் கேட்டது நினைவுக்கு வராது. கை பழகியிருந்தால் மட்டுமே கை தானாகப் போகும். 500 பேர் கூட்டம் வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்ததற்கு இதுவே காரணம். கையைப் பழக்க வேண்டுமென்றால் நாலு பேருக்கு ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவைக்க வேண்டும். அதற்கு ஊருக்கு ஒரு மருத்துவர் போதாது. தெருவுக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும்.

பயிற்றுநரை முதலில் உருவாக்கும் இந்த முறை நாம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் குடும்பத்தோடு சென்ற சிறிய விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் படுகாயமடைந்தார்கள். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை போதுமானதாக இல்லை என்பதை அந்த மருத்துவரே கண்ணால் கண்டார். அங்கிருந்தவர்களைக் குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. விபத்துக் காயத்துக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிற்றூர் மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சியை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1978இல் முதல் பயிற்சி நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக ஏற்றது. இன்று உலகின் பல நாடுகளில் அது நடக்கிறது. அவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம், நன்றாகக் கற்றவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, எப்படிக் கற்பிப்பது என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதுதான்.

அதே வழியில், தீக்காயத்துக்கென்று ஒரு பயிற்சியை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தீக்காய சிகிச்சைச் சங்கம் 1990களில் உருவாக்கியது. கடுமையான தீக்காயத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியவற்றை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரே நாளில் கற்பிக்கும் பயிற்சி அது. பிரிட்டன் உள்ளிட்ட வேறு நாடுகளிலும் நடக்கிறது. அது மருத்துவம் படித்தவர்களுக்கானது, நம் முகாம் வீட்டில் இருப்பவர்களுக்கானது. ஆனாலும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பாடம் சுருக்கமாக, எங்கும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். கற்பிப்பவர் கற்பிக்கும் முறையையும் கற்றிருக்க வேண்டும்.

அப்படியானால் நம் பாடம் என்ன? மருத்துவர்களோடு உட்கார்ந்து ஐந்து செயல்களாகச் சுருக்கியிருக்கிறோம்.

ஒன்று: சூட்டை நிறுத்துவது. உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். கனமான பருத்திப் போர்வையோ ஜமக்காளமோ கிடைத்தால் போர்த்தி அணைக்கலாம். வெந்நீர், கஞ்சி, எண்ணெய் பட்டிருந்தால் நனைந்த துணியை உடனே கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. மின்சாரம் என்றால் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் ஆளைத் தொடக் கூடாது.

இரண்டு: மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் எடுத்துவிட வேண்டும். வீங்கிய பிறகு அவை இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

மூன்று: ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். நினைவிருக்கட்டும், ஐஸ் கூடாது, ஐஸ் தண்ணீரும் கூடாது. இரண்டு நிமிடம் ஊற்றிவிட்டு "போதும்" என்று நிறுத்தவும் கூடாது. தாமதமாகத் தெரியவந்தாலும், காயம் பட்டு மூன்று மணி நேரம் வரை இப்படிக் குளிரவைப்பதால் பயன் உண்டு. காயத்தைத்தான் குளிரவைக்க வேண்டும், ஆளைக் குளிரவைக்கக் கூடாது. குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்குக் காயம் படாத உடம்பை உலர்ந்த துணியால் போர்த்தி வைக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்தால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

நான்கு: மூடுவது. சமையலறையில் உணவுப் பாத்திரத்தை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் அதைக் காயத்தின் மேல் படியும்படி வைக்கலாம், இறுக்கிச் சுற்றக் கூடாது. இல்லையென்றால் துவைத்த சுத்தமான பருத்தித் துணி போதும். வேறு எதையும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

ஐந்து: எங்கே கொண்டுபோவது, என்ன சொல்வது. காயம் பட்டவரின் கையை விரல்களோடு சேர்த்து விரித்தால், அது அவர் உடம்பின் பரப்பில் ஏறத்தாழ 100இல் 1 பங்கு. பிள்ளைக்குக் காயம் என்றால் பிள்ளையின் கை அளவு, நம் கை அளவு அல்ல. அந்தக் கணக்கில் பெரியவருக்கு 10 கை அளவுக்கு மேல், பிள்ளைக்கு 5 கை அளவுக்கு மேல் வெந்திருந்தால் தீக்காயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. முகம், கைகள், பாதங்கள், மறைவிடம், மூட்டுகள் வெந்திருந்தாலும், மின்சாரமோ அமிலமோ பட்டிருந்தாலும், கைகாலைச் சுற்றி முழுவதுமாக வெந்திருந்தாலும், பட்டவர் கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் அப்படியே. மூக்குமுடி கருகியிருந்தால், குரல் கம்மினால் உள்ளே மூச்சுக்குழாய் வெந்திருக்கலாம். அங்கே ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, உடனே 108. இன்னொன்றையும் பயிற்றுநர் அழுத்திச் சொல்ல வேண்டும். வலிக்கவில்லை என்றால் காயம் லேசானது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். ஆழமாக வெந்தால் நரம்பும் வெந்துபோகும், வலி தெரியாது. வலிக்காத காயம்தான் பயப்பட வேண்டிய காயம்.

இதோடு, காயம் பட்ட நேரத்தை எழுதிக் கொடுங்கள் என்பதும் பாடத்தில் உண்டு. பெரிய காயத்துக்கு மருத்துவர்கள் இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றுவார்கள். முதல் 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்ட அளவில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரம் மருத்துவமனை போய்ச் சேர்ந்ததிலிருந்து தொடங்குவது அல்ல, காயம் பட்டதிலிருந்து தொடங்குவது. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை போன்ற பெரிய தீக்காயப் பிரிவுகள் நமக்குப் பல மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. ஆகவே ஒரு துண்டுச் சீட்டில் நீங்கள் எழுதும் நேரம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

பாடம் இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். பிறகு இரண்டு நாள் எதற்கு? முதல் நாள் இந்தப் பாடத்தை 16 பேரும் கையால் செய்து பழகுவதற்கு. இரண்டாம் நாள், இதை மற்றவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று கற்பதற்கு.

நால்வர் நால்வராக நான்கு குழுக்கள் இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மருத்துவரோ தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த செவிலியரோ பொறுப்பு. மருத்துவக் கல்லூரிகளில் ஒரு செய்முறையைக் கற்பிக்க நாலு படி முறை ஒன்று உண்டு. அதையே நாமும் பின்பற்றுகிறோம். முதலில் பயிற்றுநர் வாய் பேசாமல், உண்மையில் நடக்கும் வேகத்திலேயே செய்து காட்டுவார். இரண்டாம் முறை ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாம் முறை கற்பவர் சொல்லச் சொல்ல, பயிற்றுநர் செய்வார். நான்காம் முறை கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வார். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளுக்கு இது புதிதாகத் தெரியாது. உஸ்தாது ஓதிக் காட்டுவார், பிள்ளை திருப்பி ஓதும், பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். எழுத்தின் உச்சரிப்புக்கு நாம் எடுத்துக்கொள்ளும் கவனத்தை இங்கே தண்ணீர் ஊற்றும் கைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. செய்து முடித்தவரிடம், எது நன்றாக வந்தது என்று முதலில் அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு எதை மாற்றிச் செய்யலாம் என்று கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் பயிற்றுநர் தம் கருத்தைச் சொல்வார். நாலு பேர் முன்னால் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுவிட்டால் அந்தத் தாய் அடுத்த வகுப்புக்கு வர மாட்டார். வராதவருக்கு எதையும் கற்பிக்க முடியாது.

முகாமின் கடைசித் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மாலை, பாடத்தை இதுவரை கேட்டே இராத தாய்மார்களையும் இளைஞர்களையும் அழைத்து வருவோம். ஒவ்வொரு பயிற்றுநரும் மூன்று பேருக்குக் கற்பிப்பார். பிறகு தேர்வு வைப்பது அந்த மூன்று பேருக்குத்தான். அவர்கள் சட்டையைக் கழற்றி, நகையை எடுத்து, 20 நிமிடம் என்று சொல்லி, குழாயைத் திறந்தால் பயிற்றுநர் தேறிவிட்டார். பயிற்றுநர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த மூவருடைய கை பற்பசைக்குப் போனால் அவர் இன்னும் ஒரு வாரம் பழக வேண்டும். சான்றிதழ் அதற்குப் பிறகுதான்.

சரி, யார் அந்த 16 பேர்? 10 பேர் பெண்கள், 6 பேர் ஆண்கள் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுப்படியில் இருப்பவரிடம் அடுப்படிக்குள் போய்ப் பேசக் கூடியவர் வேண்டும். ஆண் பயிற்றுநர் திண்ணையோடு நின்றுவிடுவார். நிஸ்வான் மதரஸாவிலிருந்து ஆலிமாக்கள் இருவர், அங்கன்வாடி ஆசிரியை ஒருவர், மகளிர் குழுக்களிலிருந்து சிலர் வருகிறார்கள். ஆண்களில் பண்டாரிகள் இருவர், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பொறுப்பில் இருப்பவர், மதரஸா விடுதிச் சமையற்காரர், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர். இவர்களில் முஸ்லிமல்லாத சகோதர சகோதரிகளும் உண்டு. தீ வீடு பார்த்து வருவதில்லை. நம் தெருக்களில் எல்லோரும் கலந்துதான் வாழ்கிறோம்.

பட்டப் படிப்பை நாம் கேட்கவில்லை. மூன்று தகுதிகளைத்தான் கேட்கிறோம். அக்கம்பக்கத்தார் அவரை வீட்டுக்குள் விடுவார்களா? தெருவில் பேசும் பேச்சிலேயே விளக்கத் தெரியுமா? மாவோடு ஓடிவரும் பெரியவர் ஒருவரை மனம் நோகாமல் தடுக்கத் தெரியுமா? இந்த மூன்றாவதுதான் மிகக் கடினம். அதை முகாமில் நடித்தே பழக்கப் போகிறோம். செவிலியர் ஒருவர் நன்னிமாவாக வந்து, "எங்க காலத்துல இதத்தான்மா தடவுனோம், எல்லாம் ஆறிப்போச்சு" என்று மாவுக் கிண்ணத்தை நீட்டுவார். நன்னிமாவோடு வாதம் செய்தால் அங்கே நேரம்தான் போகும். "நன்னிமா, அந்தக் கிண்ணத்த அங்கிட்டு வச்சிட்டு இந்தச் செம்பப் பிடிங்க. நீங்க ஊத்துனா பிள்ளை அழாம இருக்கும்" என்று சொல்லிச் செம்பை அவர் கையில் கொடுக்க வேண்டும். அன்போடு ஓடிவந்த கைக்கு நாம் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அது தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "எங்க தெருவுல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. 20 நிமிஷம் எங்க போறது?" பாடப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் நாம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. குழாய் இல்லையென்றால் குடத்துத் தண்ணீரைச் செம்பால் மெதுவாக, விடாமல் ஊற்றலாம். கீழே சுத்தமான அகன்ற பாத்திரத்தை வைத்து, வழியும் தண்ணீரைப் பிடித்துத் திரும்ப ஊற்றலாம். அதுவும் முடியாதபோது ஈரத் துணியைப் போட்டு, சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்கலாம். குழாய் அளவுக்குப் பலன் இல்லாவிட்டாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல். பள்ளிவாசல்களில் ஒளூச் செய்யும் குழாய்களில் எப்போதும் தண்ணீர் உண்டு. காயம் பட்ட யாரும், ஆணானாலும் பெண்ணானாலும், எந்த மதத்தவரானாலும், எந்நேரமும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்று வெளியே எழுதி வைக்கவும், பக்கத்தில் ஒரு கடிகாரம் மாட்டவும் ஜமாஅத் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

அடுத்து, நாம் தயங்காமல் பேச வேண்டிய இரண்டு விஷயங்கள்.

முதலாவது, பெண்களுக்குக் காயம் பட்டால். உடையைக் கழற்ற வேண்டும் என்று பாடம் சொல்கிறது. அந்நிய ஆண் அருகில் இருந்தால் பெண்கள் தயங்குகிறார்கள், அந்த ஆணும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்திலேயே சூடு உள்ளே இறங்கிவிடுகிறது. உலமாக்களிடம் இதை முன்பே கலந்து பேசினோம். உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தான நிர்ப்பந்த நேரத்தில் காப்பாற்றுவதே முதன்மை என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதை முகாமில் ஓர் ஆலிம் அவர்களே நேரில் விளக்குவார். அதோடு, நாலு பெண்கள் துப்பட்டியைப் பிடித்து மறைப்புக் கட்டி, உள்ளே ஒருவர் தண்ணீர் ஊற்றுவதையும் செய்முறையாகவே பழக்கப் போகிறோம். மானத்தையும் காக்கலாம், நேரத்தையும் காக்கலாம்.

இரண்டாவது, எல்லாத் தீயும் தற்செயலாகப் பற்றுவதில்லை. "அடுப்பு வெடித்துவிட்டது" என்று வெளியில் சொல்லப்படுவதற்குப் பின்னால் வேறொரு துயரம் இருக்கலாம். பயிற்றுநரின் வேலை விசாரிப்பது அல்ல, தீர்ப்புச் சொல்வதும் அல்ல. தண்ணீர் ஊற்றுவதும் ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவதும்தான். பார்த்ததைப் பயிற்றுநர் தெருவில் பேசினால் அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆனால் பட்டவர் அஞ்சி ஏதேனும் சொன்னால் அதை மருத்துவரிடம் சொல்வதும் பயிற்றுநரின் கடமை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கும் பழக்கத்தையும் நாம் ஒழிக்க வேண்டும். சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலில் உயிர், பிறகுதான் மற்றவை.

நம் பயிற்றுநர்கள் எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருந்து எழுதக் கூடாது, களிம்பு கொடுக்கக் கூடாது, "இதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று சொல்லவும் கூடாது. சந்தேகமாக இருந்தால் அனுப்பிவிட வேண்டும். இந்த எல்லையை மீறுபவர் யாராக இருந்தாலும் சான்றிதழைத் திரும்பப் பெறுவோம்.

முகாம் முடிந்ததோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பயிற்றுநரும் முதல் இரண்டு வகுப்புகளை முகாமில் பயிற்சி அளித்த ஒருவர் உடனிருக்கத்தான் நடத்துவார். அதன் பிறகு தனியாக, ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் இல்லாமல், வாரம் இரண்டு வகுப்பு. ஷஃபான் நாலு வாரத்தில் 16 பேரும் ஆளுக்கு எட்டு வகுப்பு நடத்தினால் 768 பேர். ஷாதி மஹால் கூட்டத்தில் 500 பேர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே 768 பேர் தம் கையால் செய்து பார்த்திருப்பார்கள். அடுத்த ஆண்டும் பயிற்றுநர்கள் இங்கேயே இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டி, மறந்ததைப் புதுப்பிப்போம். கேட்ட கேள்விக்கு இதுவே நம் பதில்.

குடும்பங்களிடம் நாம் கேட்பது சிலவே. பெண் பயிற்றுநர்கள் தேர்வாகியிருக்கும் வீடுகளில் அத்தாமார்களும் கணவன்மார்களும் அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் பிள்ளைகளுக்குத் தனி அறையும் உண்டு. பழைய சட்டைகள், நைட்டிகள் இருந்தால் கொடுங்கள், கழற்றிப் பழக வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டார் தம் முற்றத்தையும் குழாயையும் வகுப்புக்குக் கொடுங்கள். பணமாகக் கொடுக்க விரும்புவோர் பைத்துல்மால் பொறுப்பாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு முகாம் முடிந்த அடுத்த இதழில் வரும்.

உயிர் காப்பதன் சிறப்பை உலமாக்கள் மிம்பரில் நமக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று கையால் பழகுவது நம் பொறுப்பு. இந்த ரமளானிலும் பிள்ளைகள் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள். அதற்குள் ஒவ்வொரு தெருவிலும் குழாயைத் திறக்கத் தெரிந்த கைகள் இருக்க வேண்டும்.

பயிற்றுநர் பட்டியலில் இன்னும் இரண்டு பெண்களுக்கு இடம் இருக்கிறது. விருப்பமுள்ள சகோதரிகள் கூட்டம் கலைவதற்குள் நிஸ்வான் மதரஸா ஆலிமாக்களிடம் பெயர் கொடுங்கள்.